இறங்கிப் போன புள்ளிகள்

சேலையை விட்டுப் புள்ளிகள் முதன்முதலாக இறங்கிப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு போகிற எட்டேகால் மணி பஸ்ஸில். ஏறும்போது சகாயமேரி டீச்சர் அரக்கு நிறத்தில் வெள்ளைப் புள்ளி வைத்த சுங்குடிச் சேலை கட்டியிருந்தார், எங்கள் ஊர் விலக்கில் இறங்கும்போது வெறும் அரக்குச் சேலை கட்டியிருந்தார், நடுவில் அவர் செய்ததெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் பரீட்சைத் தாளைத் திருத்தியது மட்டும்தான். புள்ளிகள் கொசுவத்திலிருந்து மடிப்பு மடிப்பாக இறங்கி, சீட்டின் பச்சை ரெக்சினில் கொஞ்ச நேரம் இளைப்பாறி, பிறகு வரிசை பிடித்துக் கம்பியில் ஏறி, டிரைவரின் காக்கி முதுகு வரைக்கும் போயிருந்தன. டீச்சர் இறங்கப் போகையில் கண்டக்டர், "டீச்சர், ஒங்ககூட வந்தவுக இன்னும் எறங்கலையே" என்றார். டீச்சர் திரும்பிப் பார்த்தார், தன் சேலையையும் பார்த்தார். "எங்க எறங்கணும்னு அதுகளுக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு, மணி அடித்துவிடுவார்களே என்று பள்ளிக்கூடத்தைப் பார்த்து நடந்தார்.

எங்கள் ஊர் செங்காட்டுப்பட்டி. இருநூறு வீட்டில் நூற்றுப் பத்து வீடு முடிச்சுக் கட்டுகிற வீடு. வெள்ளைத் துணியை நகத்தால் கிள்ளி, கிள்ளிய முனையில் நூலைச் சுற்றி இறுக்கி ஒரு முடிச்சு, ஒரு விரல் தள்ளி இன்னொரு முடிச்சு, இப்படி ஒரு சேலைக்கு எட்டாயிரம் முடிச்சு கட்டி, சுருண்டு சிறுத்துப்போன மூட்டையாக என் சாயப்பட்டறைக்குக் கொண்டு வருவார்கள். நான் அதைத் தொட்டியில் முக்கி, எடுத்துக் காயவைத்து, இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து விசுக்கென்று இழுத்தால் முடிச்செல்லாம் படபடவென்று தெறித்து அவிழும், சாயம் புகாத இடமெல்லாம் புள்ளியாக நிற்கும்.

மூட்டையில் பெயர் எழுதுகிற பழக்கம் எங்கள் ஊரில் கிடையாது. கைக்குக் கை புள்ளி வேறு என்பதால் அதற்குத் தேவை இருந்ததில்லை. அலசிக் கொடியில் போட்ட நாற்பது சேலைகளுக்குள் நடந்து வந்து அவரவர் தன் சேலையை உருவிக்கொண்டு போவார்கள், முப்பத்தைந்து வருஷத்தில் ஒரு தடவைகூட மாறிப் போனதில்லை. என் மனைவி சௌந்தரம் கட்டிய புள்ளி பக்கவாட்டில் கொஞ்சம் நீண்டு அரிசிமணி போல இருக்கும், அவள் போய் ஒன்பது வருஷம் ஆன பிறகும் யாராவது பழைய சேலை கட்டிக்கொண்டு எதிரில் வந்தால் எனக்குத் தெரிந்துவிடும். ஊரிலேயே நல்ல உருண்டையான புள்ளி பஞ்சவர்ணத்தின் புள்ளி. நடுவில் மட்டும் கடுகு முனை அளவுக்கு நிறம் ஒரு பொட்டாக நிற்கும், அது அவள் நூலை முடிக்கும்போது கடைசியாகக் கொடுக்கிற சொடுக்கினால் வருவது என்று சொல்வார்கள். அவளுக்கு நாத்தனார் முறையில் தவமணி. இருவரும் ஒரே வேப்பமர நிழலில் எதிரெதிரே உட்கார்ந்து இருபத்தெட்டு வருஷம் கட்டினார்கள்.

பிறகு தவமணியின் வலது கை கெட்டது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மடங்கின இடத்திலேயே நின்றுவிட்டன, நூலை இழுத்துப் பிடிக்க வலு இல்லை. கடைசி ஒரு வருஷம் அவள் கட்டிய முடிச்சுகள் என் தொட்டியிலேயே தளர்ந்து, புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் சாயம் ஒரு பக்கமாக வழிந்து புகுந்திருந்தது. அந்தச் சேலைகளை அவளிடம் கொடுக்கும்போது நான் ஒன்றும் சொன்னதில்லை, அவளும் ஒன்றும் கேட்டதில்லை, மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விடுவாள். அப்புறம் ஆறு மாதம் திண்டுக்கல் பக்கத்தில் ஒரு கல்லூரி விடுதியில் தட்டு கழுவப் போனாள். அங்கிருந்தபோதுதான் மாவட்ட அலுவலகத்தில் கம்ப்யூட்டரில் துணி டிசைன் போடப் பயிற்சி கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு எழுதிப் போட்டாள். டேப் என்கிற தொடுதிரைப் பலகையில் வரைகிற பேனாவைப் பிடிக்கக் கட்டைவிரல் வேண்டியதில்லை, நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் செருகிக்கொண்டாலே போதும் என்று அவள் கண்டுபிடித்த அன்றைக்கு, பஸ்ஸை விட்டு இறங்கி நேராக என் பட்டறைக்கு வந்து அந்தக் கையைக் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள்.

அவள் அந்த அலுவலகத்துக்கு விடாமல் நடந்து நடந்துதான் அந்த மெஷின் எங்கள் ஊருக்கு வந்தது. துணியில் நேரடியாக நிறம் அடிக்கிற மெஷின், பழைய சத்துணவுக் கூடத்தில் வைத்தார்கள். அச்சான துணியை ஆவியில் வேகவைத்து அலசினால்தான் நிறம் பிடிக்கும் என்பதால் அந்த வேலை என் பட்டறைக்கு வந்தது. மூன்று மாதம் பார்ப்போம், துவைத்துப் பார்த்துச் சேலை நன்றாக இருந்தால் மெஷின் உங்களுக்கு, இல்லையென்றால் வேறு ஊருக்கு எடுத்துப் போவோம் என்று அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள்.

"மெசினு போயிட்டா நான் மறுபடி தட்டு கழுவத்தாண்ணே போகணும்" என்றாள் தவமணி. "தட்டும் வட்டந்தான். ஆனா நான் போட்ட வட்டம் இல்லையே."

மெஷின் வந்த நாளிலிருந்து பஞ்சவர்ணம் அவளோடு பேசவில்லை. "அச்சடிக்கணும்னா கல்யாணப் பத்திரிகை அடிக்கட்டும், காதுகுத்துப் பத்திரிகை அடிக்கட்டும். சேலைய எதுக்கு அடிக்கிறா?" என்று குழாயடியில் எல்லாரிடமும் சொன்னாள், தவமணி கேட்கிற தூரத்தில் நிற்கும்போது கொஞ்சம் சத்தமாகவும் சொன்னாள்.

தவமணி ஒரு புள்ளியை எங்கிருந்தோ ஸ்கேன் எடுத்து, டேப்பில் பெரிதாக்கி, பிசிறை அழித்து, முழு வட்டமாக்கி, அந்த ஒன்றையே எட்டாயிரம் தடவை பரப்பிச் சேலை செய்தாள். ஆறு நிறத்தில் ஆறு சேலை. பார்க்கக் கண்ணைப் பறித்தது. எந்தச் சேலையிலிருந்து எடுத்தாள் என்று நான் கேட்கவில்லை, மெஷின் புள்ளி இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஆறும் ஒரே வாரத்தில் விற்றன. சகாயமேரி டீச்சருடையது அதில் முதலாவது. அடுத்த நான்கு நாளில் மற்ற ஐந்து சேலைகளிலிருந்தும் புள்ளிகள் இறங்கின, ஒன்று கல்யாணப் பந்தியில், ஒன்று கொடியில் காய்ந்துகொண்டிருக்கையில், ஒன்று பீரோவுக்குள் மடித்து வைத்த நிலையிலேயே. புள்ளி போன இடத்தை நிறம் தானாக மூடிக்கொண்டது. நாற்பத்தெட்டாயிரம் புள்ளிகள் எங்கள் ஊருக்குள் நடமாடத் தொடங்கின.

மிளகு அளவுதான் இருக்கும், தொட்டால் அப்போதுதான் காய்ந்த துணியைப் போலக் கொஞ்சம் குளிர்ச்சியாக இருக்கும், எடை கிடையாது, சத்தம் கிடையாது, எறும்பின் வேகத்தில் வரிசையாகப் போகும், கருப்பாகவோ அடர்த்தியான நிறத்திலோ எதைக் கண்டாலும் ஏறிச் சற்று உட்கார்ந்து பார்த்துவிட்டு, இது இல்லை என்பதுபோல் இறங்கிப் போகும். இருளப்பனின் கருப்பு வெள்ளாட்டின் மேல் மூவாயிரம் புள்ளி ஏறியதில் அது சந்தையில் அத்தனை பேர் கண்ணிலும் பட்டது, விலை கேட்டு வந்தவர்களிடம் அவன், "ஆட்டுக்குத்தான் வெல சொல்லுவேன், புள்ளி நிக்கிதா போகுதாங்கிறது ஒங்க பாடு" என்றான். டீக்கடை மாஸ்டர் கருப்பட்டிக் காபியில் மிதந்த புள்ளியைக் கரண்டியால் ஒதுக்கிக் கொடுக்கப் பழகிக்கொண்டார், சிலர் ஒதுக்காமலேயே குடித்தார்கள், ருசியில் வித்தியாசம் இல்லை என்றார்கள். பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் ஏறிய புள்ளிகளை டஸ்டரால் அழிக்க முடியவில்லை, கணக்கு வாத்தியார் இரண்டு நாள் பார்த்தார், மூன்றாம் நாள் அவற்றைக் கோட்டால் இணைத்து வரைபடப் பாடத்தை நடத்தி முடித்துவிட்டார்.

ஏட்டையா காக்கி உடுப்பில் முன்னூறு புள்ளிகளோடு ஸ்டேஷனுக்குப் போய், இது உடுப்பு விதிக்கு மாறாகுமா என்று எழுத்தில் கேட்டார், மேலிருந்து பதில் வரும்வரை அப்படியே போட்டுக்கொண்டு வந்தார். சலூனில் முடி வெட்டும்போது தலையிலிருந்து புள்ளிகள் விழுந்தால் அதற்குத் தனியாகக் காசு வாங்குவதில்லை என்று போர்டு வைத்தார்கள். காளியம்மன் கோயில் பூசாரி, கருங்கல் அம்மன் மேல் விடியும் முன் ஏறியிருந்த புள்ளிகளைக் கண்டு துடைக்கப் போய், பிறகு கையை எடுத்துக்கொண்டு, அபிஷேகத்தை மட்டும் சற்று மெதுவாகச் செய்தார், நனையாமல் ஒதுங்க அவற்றுக்கு நேரம் வேண்டும் என்றார். பஞ்சாயத்துக் கூட்டத்தில் இரண்டு மணி நேரம் பேசி, யாரும் தன் வீட்டுப் புள்ளியை விளக்குமாற்றால் பக்கத்து வீட்டு வாசலுக்குத் தள்ளக் கூடாது என்று ஒரு தீர்மானம் போட்டார்கள், வேறு தீர்மானம் எதுவும் யாருக்கும் தோன்றவில்லை. வெளியூர்க்காரர்கள் யாராவது வந்து, என்னப்பா இது, சேலைப் புள்ளி தெருவில் போகிறது என்று கேட்டால் எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது. போகிறது, அதற்கு என்ன.

ஒருநாள் மத்தியானம் என் பட்டறையின் கரிபிடித்த சுவரில் ஒரு நூறு புள்ளிகள் வந்து நின்றன. நான் சாயத் துடுப்பைச் சாத்திவிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அரிசிமணி போல நீண்டது ஒன்று இருக்குமா என்று தேடினேன் என்பதை மறைக்க வேண்டியதில்லை. இல்லை. நூறும் ஒரே வட்டம், ஒரே அளவு, நூறு இடத்தில் நிற்கிற ஒரே ஆளைப் பார்ப்பது போல இருந்தது. சற்றுப் பொறுத்து அவை சுவரை விட்டு இறங்கி மேற்கே பார்த்துப் போய்விட்டன.

ஊர் பழகிக்கொண்டது, தவமணிக்குத்தான் பழக முடியவில்லை. அலுவலகத்திலிருந்து அருள்தாஸ் சார் பார்க்க வருகிற தேதிக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது. அவள் ஏழாவது சேலை அடித்தாள், ஆவியில் கூடுதலாக அரை மணி வைக்கச் சொன்னாள், புள்ளிகள் ஆவிப் பெட்டிக்குள்ளிருந்தே வெளியேறின. படிகாரம் போட்டுப் பார்த்தோம், உப்புப் போட்டுப் பார்த்தோம், கஞ்சி போட்டால் ஒட்டிக்கொள்ளுமோ என்று கஞ்சியும் போட்டோம். கஞ்சி காய்ந்ததும் விரைத்த சேலையிலிருந்து இன்னும் சௌகரியமாக இறங்கின.

அப்போது நான் சுவரில் பார்த்ததை அவளிடம் சொன்னேன். "எல்லாம் ஒரே மொகமா இருக்கும்மா. எங்க நின்னாலும் கடைசியில மேக்காலதான் போகுது."

அவள் குனிந்து, சிமெண்டுத் தரையில் போய்க்கொண்டிருந்த வரிசையைப் பார்த்தாள். பிறகு அதன் பின்னாலேயே நடக்கத் தொடங்கினாள். எறும்பின் வேகத்தில் போகிற ஒன்றின் பின்னால் நடப்பது சாதாரண வேலை இல்லை, இரண்டு அடி வைத்து நிற்க வேண்டும், மறுபடி இரண்டு அடி. நானும் கூடப் போனேன். தெருவில் பார்த்தவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. ரேஷன் கடை தாண்டி, குழாயடி தாண்டி, வழியில் வேறு வேறு சந்திலிருந்து வந்த வரிசைகள் இந்த வரிசையோடு சேர்ந்து சேர்ந்து கை அகலத்துக்கு ஆகி, மேற்குத் தெருவில் கடைசிக்கு முந்தின வீட்டின் சாத்திய கதவுக்கு அடியில் நுழைந்தன. அது பஞ்சவர்ணத்தின் வீடு.

தவமணி கதவருகில் வெகுநேரம் நின்றாள். "அண்ணே, நீங்களும் வாங்க" என்று சொல்லிவிட்டுத் தள்ளித் திறந்தாள்.

உள்ளே சுவர் தெரியவில்லை. நீலம் அடித்த சுவர் முழுக்க, மேலே ஓட்டுக் கம்பு வரைக்கும், ஆட்டுக்கல்லில், அணைத்து வைத்த டிவியின் கண்ணாடியில், அடுக்கிய சில்வர் குடங்களில், எல்லாவற்றிலும் புள்ளிகள், இனி போக இடமில்லை என்பதுபோல அசையாமல் இருந்தன. நடுவில் பஞ்சவர்ணம் முறத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். அவள் புடவையிலும் கூந்தலிலும்கூடப் புள்ளி இருந்தது.

"வா" என்றாள், தலை நிமிராமல். "மூணு வாரமா வருவ வருவன்னு பாக்குறேன். கண்ணு மூக்கு இல்லாத இதுகளுக்குத் தெரிஞ்ச வழி ஒனக்குத் தெரியல."

"மதினி, இதெல்லாம்…"

"எதெல்லாம்? இது ஒண்ணுதான். எம்மக வளைகாப்புக்குக் கட்டுன ஊதாச் சேலை, முந்தியில இருந்து மூணாவது வரி, ஏழாவது புள்ளி. திருவிழாவுக்குக் கட்டிட்டுத் தர்றேன்னு வாங்கிட்டுப் போனியே, அப்ப எடுத்திருக்க. நடுவுல இருந்த பொட்டையும் அழிச்சிருக்க."

தவமணி கீழே உட்கார்ந்தாள். புள்ளிகள் அவளுக்கு இடம் விட்டு நகர்ந்தன.

"கேட்டிருந்தா குடுத்திருப்பியா மதினி?"

"குடுத்திருக்க மாட்டேன்."

"அதான் கேக்கல."

"நான் தரமாட்டேன்னா அது என் இஷ்டம். கேக்காம இருக்க ஒனக்கு யாரு சொன்னா? இருபத்தெட்டு வருசம் எதுத்தாப்புல உக்காந்து கட்டுனவ நீ. வேற எவளாவது எடுத்திருந்தா நான் இப்படிக் கதவச் சாத்திட்டு உக்காந்திருக்க மாட்டேன், தெருவுல நின்னு கிழிச்சிருப்பேன்." பஞ்சவர்ணம் ஒரு பல் பூண்டை உரித்துப் போட்டாள். "சரி, அத விடு. ஒம் புள்ளி ஒண்ணு இருந்துச்சே. அத ஏன் எடுக்கல?"

தவமணி வலது கையை மடியிலிருந்து எடுத்துக் காட்டினாள். "என் புள்ளி கெட்டுப் போச்சு மதினி. கடைசி வருசம் பூராவும் ஒரு பக்கமா வழிஞ்சு வழிஞ்சு… சாயக்கார அண்ணனுக்குத் தெரியும், பாவம், வாயத் தொறக்க மாட்டாரு. அந்தப் புள்ளிய எப்படி எட்டாயிரம் தடவ போடுறது?"

எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை, குடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பஞ்சவர்ணம் முறத்தைத் தள்ளி வைத்தாள். "எட்டாயிரம் தடவ எதுக்குப் போடணும்? எட்டாயிரம் போடு."

"என்னது?"

"ஒரு புள்ளிய எட்டாயிரம் தடவ போட்டா அதுக்கு எங்க நிக்கிறதுன்னு எப்பிடித் தெரியும்? எங்கிட்ட ஒரு சேலையில எட்டாயிரம் இருந்தா எட்டாயிரத்துக்கும் நான் கையி வச்சிருக்கேன். இது நேத்து மத்தியானம் கட்டுனது, இது தலவலியோட கட்டுனது, இது மருமகனத் திட்டிக்கிட்டே கட்டுனதுன்னு ஒவ்வொண்ணும் வேற. அதுபாட்டுக்கு அது எடத்துல நிக்கிது. அந்த மெசினுல அப்பிடி ஒவ்வொண்ணா வைக்க முடியுமா முடியாதா?"

"முடியும்" என்றாள் தவமணி. "நான்தான் வைக்கல. காப்பி எடுக்குற வசதி இருந்துச்சு, எடுத்துட்டேன்."

"அப்ப மெசினு மேல குத்தமில்ல" என்றாள் பஞ்சவர்ணம். மெஷினைப் பற்றி அவள் வாயிலிருந்து நல்லதாக வந்த முதல் வார்த்தை அது. உடனே, "பூண்டு வேணும்னா எடுத்துட்டுப் போ" என்று பேச்சை மாற்றினாள்.

மறுநாளிலிருந்து தவமணி சத்துணவுக் கூடத்தில் உட்கார்ந்து புள்ளி வைத்தாள். மடங்கிய விரல்களுக்கு நடுவில் பேனாவைச் செருகி, டேப்பில் ஒரு தொடல், ஒரு விரல் தள்ளி இன்னொரு தொடல், அழுத்தினால் பெரிதாகவும் தொட்டு எடுத்தால் சிறிதாகவும் விழுந்தது, கை நடுங்கிய இடத்தில் புள்ளி வடக்கே இழுத்தது, காலையில் வைத்ததைவிடச் சாயங்காலம் வைத்தது தடித்திருந்தது. முதல் நாள் முழுக்க வைத்ததை எல்லாம் ஒரு தடவை அழித்தாள், அசிங்கமாக இருக்கிறது என்றாள். இரண்டாம் நாள் அழிக்கவில்லை. பார்க்க வந்தவர்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள், இது வேர்க்கடலை மாதிரி இருக்கிறது, அது முட்டைக்கோழி மாதிரி இருக்கிறது என்றார்கள், அவள் "ஆமா, முட்டை போட்டாக் கொண்டாந்து தர்றேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த புள்ளியை வைத்தாள். நான்கு நாளில் எட்டாயிரம் முடிந்தது. மயில் கழுத்து நிறத்தில் சேலை அடித்து என்னிடம் கொண்டு வந்தாள். ஆவியில் வைத்தேன், எடுத்து அலசினேன், கொடியில் போட்டேன். எங்கள் தெருவே வேலையை விட்டுவிட்டு வந்து கொடிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது. ஒரு மணி நேரம் ஆயிற்று, இரண்டு மணி நேரம் ஆயிற்று, சேலை காய்ந்து காற்றில் அடித்தது. ஒரு புள்ளியும் இறங்கவில்லை. அதில் நிறையப் புள்ளிகள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன, எல்லாம் ஒரே காற்றில் சாய்ந்த பயிரைப் போல இருந்தது, அந்த மாதிரிச் சுங்குடியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அருள்தாஸ் சார் சொன்ன தேதியில், கையில் ஒரு ஃபாரத்தோடு சத்துணவுக் கூடத்துக்கு வந்தார். நிதானமான மனிதர், ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்தார். சேலையைத் தானே குழாயில் நனைத்து, சோப்புப் போட்டுத் தேய்த்து, பிழிந்து, உதறி, வாசலில் இருந்த கொடியில் போட்டுப் பார்த்தார்.

"நல்லாருக்கும்மா" என்றார். "நான் முன்னாடி கேள்விப்பட்டது வேற மாதிரி."

"முன்னாடி வேற மாதிரிதான் சார் இருந்துச்சு."

"சரி, இதே ஃபைலை இன்னொரு தடவை ஓட்டுங்க. எத்தனை நேரம் ஆகுதுன்னு குறிச்சுக்கணும்."

தவமணி என்னைப் பார்த்தாள். அதை நாங்கள் யாரும் செய்து பார்த்திருக்கவில்லை. வேண்டாம் என்று சொல்ல முடியாது, ஓட்டினாள். ஒன்றரை மணி நேரத்தில் இரண்டாவது சேலை மெஷினிலிருந்து வந்தது. மேஜையில் விரித்த சற்று நேரத்தில் அதன் புள்ளிகள் நகர ஆரம்பித்தன. மேஜை விளிம்பு, கால், தரை, சாருடைய சாக்ஸ், கொடிக் கம்பம், கொடி என்று போய், ஈரமாகத் தொங்கிய முதல் சேலையில் ஏறி, ஒவ்வொன்றும் தன்னுடைய இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து, அங்கே ஏற்கெனவே இருந்த புள்ளியின் மேலேயே படிந்து உட்கார்ந்தது. முதல் சேலையின் புள்ளிகள் இன்னும் கொஞ்சம் வெள்ளையாகத் தெரிந்தன, அவ்வளவுதான். மேஜையில் வெறும் மயில் கழுத்துத் துணி கிடந்தது.

சார் சாக்ஸைத் தட்டிவிட்டுக்கொண்டார். ஃபாரத்தை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை படித்தார். "இதுக்கு இதுல எடம் இல்லையேம்மா."

தவமணி மெஷினுக்குப் பக்கத்தில் போய், அதை யாரும் உடனே தூக்கிக்கொண்டு போய்விடாதபடி ஒரு கையை அதன் மேல் வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஒரு ஃபைலுக்கு ஒரு சேலைதான் நிக்கும்னா, மெஷின் எதுக்குங்க?" என்றார் சார். சண்டையாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "ஒரு தடவை போட்டு ஆயிரம் எடுக்கத்தானே மெஷின்?"

தவமணி மேஜையில் கிடந்த துணியை மடித்தாள், நான்காக மடித்து, ஓரத்தைத் தடவிச் சரிசெய்து வைத்தாள். பிறகு பேசினாள்.

"சார், ஒரு சேலை கட்ட எங்களுக்குப் பதினஞ்சு நாளு. நகம் பிஞ்சு, கழுத்து ஒடிஞ்சு, அம்பது வயசுக்குள்ள கையி போயிரும். என் கையப் பாருங்க. இந்தக் கையால நான் இனிமே ஒரு முடிச்சுக்கூடக் கட்ட முடியாது. ஆனா இதுல எட்டாயிரம் புள்ளி வச்சிருக்கேன். மொதச் சேலைக்கு நாலு நாளு ஆச்சு, அடுத்ததுக்கு மூணு ஆகும், பழகிட்டா ரெண்டே நாளு. ஆயிரம் எடுக்குற மெசினு எத்தனையோ ஊர்ல இருக்கும் சார். எங்களுக்கு ஒண்ணு ஒண்ணா எடுத்தாப் போதும். பதினஞ்சு ரெண்டாச்சுல்ல, அதுக்குத்தான் மெசினு."

சார் கொடிக்குப் போனார். சாய்ந்த புள்ளிகளை விரலால் ஒரு வரி முழுக்கத் தடவிக்கொண்டே போனார், முந்தி வரைக்கும் போய்த் திரும்பி வந்தார்.

"இந்த மாதிரி நடுங்குன கை இந்த ஊர்ல எத்தனை பேருக்கு இருக்கு?"

"வயசு நாப்பத்தஞ்சு தாண்டுன எல்லாருக்கும்" என்றாள் தவமணி.

அவர் உட்கார்ந்து, ஃபாரத்தின் பின்பக்கம் காலியாக இருந்த இடத்தில் எழுதினார். மெஷின் நல்ல முறையில் இயங்குகிறது, புள்ளி நிற்கிறது, இந்த ஊரிலேயே இருக்கலாம், பேனா மட்டும் இன்னும் பத்து அனுப்ப வேண்டும். கையெழுத்துப் போட்டுவிட்டு டீ கேட்டார். டீயில் மிதந்த ஒரு புள்ளியைப் பார்த்து, இது யாருடையது என்று கேட்டார். மேற்குத் தெருவில் ஒருத்தருடையது, வழி தவறியிருக்கும் என்று தவமணி சொன்னாள்.

பத்துப் பேனாவும் வந்து சேர்ந்த மறுநாள் காலை, தவமணி அடுத்த சேலையின் முதல் வரியில் இருந்தபோது, பஞ்சவர்ணம் வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு சத்துணவுக் கூடத்துக்கு வந்தாள். தோளில் இரண்டு புள்ளிகள் உட்கார்ந்திருந்தன. என்னைப் பார்த்து, "சாயக்காரரே, ஒமக்கு வேல இல்லையா?" என்றாள். இருக்கிறது என்று சொல்லிவிட்டு நான் அங்கேயே நின்றேன்.

"தள்ளி உக்காரு" என்றாள் தவமணியிடம். "அந்தக் குச்சியக் குடு."

"குச்சி இல்ல மதினி, பேனா."

"ஏதோ ஒண்ணு. எங்க குத்தணும்?"

"எங்க வேணாலும். அழுத்தாம வை, கண்ணாடி கீறிரும்."

பஞ்சவர்ணம் இடது கைப் பெருவிரல் நகத்தால் கண்ணாடியைக் கிள்ளப் பார்த்தாள், கிள்ளுவதற்கு அங்கே துணி இல்லை. நகத்தை எடுத்துக்கொண்டாள். மூச்சைப் பிடித்துப் பேனாவை ஓர் இடத்தில் வைத்து, எடுக்கும்போது மணிக்கட்டை ஒரு சொடுக்குச் சொடுக்கினாள். வெள்ளையாக ஒரு புள்ளி விழுந்தது, நடுவில் கடுகு முனை அளவுக்கு ஒரு பொட்டு. அவள் இரண்டாவது புள்ளியை வைக்கவில்லை. கன்னத்தில் கையை ஊன்றிக்கொண்டு திரையையே பார்த்தபடி இருந்தாள்.

"என்ன மதினி?"

"சும்மாரு. போகுதான்னு பாக்குறேன்."

நாங்கள் மூன்று பேரும் பார்த்தோம். வெளியே எட்டேகால் பஸ் வந்து நின்று, ஆளை இறக்கிவிட்டு, கிளம்பிப் போனது. புள்ளி வைத்த இடத்தில் இருந்தது. பஞ்சவர்ணம் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டு, ஒரு விரல் தள்ளி அடுத்ததை வைத்தாள்.